சிங்கத்தின் வாயிலிருந்து வந்த பத்துப் பாட்டு



இன்னைக்கு சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, டெங்குவும் இல்லை. 1981ல் லண்டன் பசங்க நாலு பேர் போட்ட ஒரு ராக் ஆல்பத்தைப் பற்றி எழுதப் போறேன். வந்தப்போ பெருசா விற்கலை. அப்புறம் கடைகளிலிருந்து காணாமலே போச்சு. இருபது வருஷம் கழிச்சு ஒரு சின்ன கம்பெனி அதை மறுபடி வெளியிட்டுச்சு. அதுக்கப்புறம்தான் நிறைய பேர் காதில் விழுந்தது.

"டாக்டர், உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்பீங்க. இந்தக் கதைக்குள்ள மருத்துவம் இருக்கு. அதுவும் வார்டில் நான் அடிக்கடி பார்க்கிற ஒரு விஷயம். நீளமான த்ரெட்தான். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

ஆல்பத்தின் பெயர் "ஃப்ரம் த லயன்ஸ் மவுத்". சிங்கத்தின் வாயிலிருந்து என்று அர்த்தம். அட்டையில் பிரிட்டன் ரிவியேர் என்ற 19ஆம் நூற்றாண்டு ஓவியர் வரைந்த படம்: பைபிளில் வரும் தானியேல், சிங்கக் குகைக்குள் நிற்கிறார். குழுவின் பெயர் "த சவுண்ட்". ஒலி. அவ்வளவுதான் பெயர். இப்படிப் பெயர் வச்சதே ஒரு துரதிர்ஷ்டம்னு நான் நினைக்கிறேன். இன்டர்நெட்டில் அந்த ஒரு சொல்லைத் தேடிப் பாருங்க, ஸ்பீக்கர் விளம்பரம்தான் வரும்.

முதல்ல கொஞ்சம் பின்னணி.

1976, 77ல் இங்கிலாந்தில் பங்க் என்று ஒரு அலை அடிச்சது. மூணு கார்டு தெரிஞ்சா போதும், கிடாரைத் தூக்கிட்டு மேடை ஏறு, கோபத்தைக் கத்து. இதுதான் கொள்கை. செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற குழு அதன் முகம். 1978 ஜனவரியில் அந்தக் குழு உடைஞ்சது. கத்தி முடிச்சாச்சு, அடுத்து என்ன?

அந்த "அடுத்து என்ன"வுக்குப் பதில் தேடினவங்க செஞ்ச இசைக்குத்தான் போஸ்ட் பங்க் என்று பெயர். கோபம் அப்படியே இருக்கும். ஆனா கத்தல் குறைஞ்சு யோசனை கூடியிருக்கும். கிடார் எல்லா இடத்தையும் அடைச்சுக்காம ஒதுங்கி நிற்கும். பேஸ் கிடார் முன்னாடி வந்துடும். (80களின் இளையராஜா பாட்டை ஹெட்ஃபோனில் கேட்டால் அடியில் தனியா ஒரு மெட்டு ஓடுமே, அந்த வாத்தியம்தான்.) நடுவில் நிறைய வெற்றிடம் இருக்கும். அந்த வெற்றிடமும் இசையில் ஒரு பங்கு.

இந்த வகையில் உலகத்துக்குத் தெரிஞ்ச பெயர் ஜாய் டிவிஷன். மான்செஸ்டர் பக்கத்துப் பசங்க. நம்ம ஊர் காலேஜ் பசங்க டீ-ஷர்ட்டில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை அலைக்கோடுகள் பார்த்திருப்பீங்க. அது அவங்களோட 1979 ஆல்பத்தின் அட்டை. பாடகர் இயன் கர்டிஸுக்கு வலிப்பு நோய் இருந்தது. 1980 மே மாதம், 23 வயதில், தற்கொலையால் இறந்தார். அந்த மரணம் அந்தக் குழுவின் இசையோடு ஒட்டிக்கிட்டது. இன்னைக்கு வரைக்கும் பிரிக்க முடியலை. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பிறகு தேவைப்படும்.

இப்போ நம்ம ஆளுக்கு வருவோம். ஏட்ரியன் போர்லண்ட். 1957 டிசம்பரில் பிறந்தவர், தெற்கு லண்டனில் விம்பிள்டன் பக்கம் வளர்ந்தவர். டென்னிஸ் விம்பிள்டனேதான். பங்க் காலத்தில் "த அவுட்சைடர்ஸ்" என்ற குழு வச்சிருந்தார். 1977லேயே, எந்த கம்பெனியையும் எதிர்பார்க்காம, அப்பா அம்மா வீட்டிலேயே ரெக்கார்ட் பண்ணி ஒரு ஆல்பத்தை அவங்களே வெளியிட்டாங்க. பிரிட்டிஷ் பங்க்கில் இப்படி சொந்தமா முழு ஆல்பம் போட்ட முதல் சில பேரில் இவங்களும் உண்டு. பையன் வீட்டு ஹாலில் டிரம்ஸ் அடிக்க விட்ட அந்தப் பெற்றோருக்குத் தனியா ஒரு கோயில் கட்டலாம்.

1979ல் அந்தக் குழு உருமாறி "த சவுண்ட்" ஆச்சு. போர்லண்ட் பாட்டும் கிடாரும். கிரஹாம் பெய்லி பேஸ். மைக் டட்லி டிரம்ஸ். பை மார்ஷல் என்ற பெண் கீபோர்டு. 1980ல் முதல் ஆல்பம் "ஜெபர்டி", அதாவது ஆபத்து. மிகச் சொற்பப் பணத்தில் எடுத்தது. லண்டனின் இசை வார இதழ்கள் கொண்டாடின. வெளியிட்டது கொரோவா என்ற லேபிள். வார்னர் என்ற பெரிய கம்பெனியின் கிளை அது.

அடுத்த வருஷம் கீபோர்டில் ஆள் மாறினார். பை மார்ஷல் வெளியே, கோல்வின் மேயர்ஸ் உள்ளே. எல்லாரும் அவரை "மேக்ஸ்" என்றுதான் கூப்பிடுவாங்க. இவர் பெயரையும் மறந்துடாதீங்க. ஹியூ ஜோன்ஸ் தயாரிப்பாளர். 1981 முடியறதுக்குள்ள "ஃப்ரம் த லயன்ஸ் மவுத்" வந்தாச்சு. பத்துப் பாட்டு.

எப்படி இருக்கும்? முதல் பாட்டின் பெயரே "வின்னிங்". ஜெயிக்கிறது. மெதுவா ஆரம்பிக்கும், கீபோர்டு பனி மாதிரி படியும், அப்புறம் பேஸ் நடக்க ஆரம்பிக்கும். கீழே போய்க்கிட்டிருந்த ஒருத்தன், போதும்டா, மேலே வரலாம் என்று முடிவெடுக்கிற பாட்டு அது. இரண்டாவது பாட்டு "சென்ஸ் ஆஃப் பர்ப்பஸ்". நமக்குன்னு ஒரு நோக்கம் வேணாமா என்று கேட்கிற பாட்டு. "ஸ்கெலிட்டன்ஸ்", "ஜட்ஜ்மென்ட்", "பொசெஷன்" என்று போய், கடைசியில் "நியூ டார்க் ஏஜ்". புதிய இருண்ட காலம். கடைசிப் பாட்டு ஒரு ஊர்வலம் மாதிரி கனமா நகரும்.

போர்லண்டின் குரல் அழகான குரல் இல்லை. ஆனா நம்பக்கூடிய குரல். உங்க கையைப் பிடிச்சு, கண்ணைப் பார்த்து, "கேளு" என்று சொல்கிற மாதிரி பாடுவார். இருட்டைப் பற்றிப் பாடும்போதும் அதில் போய் சாய்ஞ்சுக்க மாட்டார். என் கணக்கில் அந்தக் காலகட்டத்தின் மிகச்சிறந்த ஐந்து ஆல்பத்தில் இது ஒன்று. ஜாய் டிவிஷன் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், கமென்ட் திறந்துதான் இருக்கு.

ஆனா விற்கலை.

ஏன் என்று நாற்பது வருஷமா பேசறாங்க. அதே லேபிளில் எக்கோ அண்ட் த பன்னிமென் என்ற குழு இருந்தது, கம்பெனியின் கவனம் அங்கே போச்சு என்பது ஒரு காரணம். இவங்ககிட்ட ஸ்டைல் இல்லை என்பது இன்னொண்ணு. போர்லண்ட் கொஞ்சம் பருமனான, சாதாரணமா இருக்கிற பையன். 1981ல் தலைமுடியும் கோட்டும் பாட்டை விட முக்கியமா இருந்த நேரம். "ஜாய் டிவிஷன் மாதிரி இருக்கு" என்று வேற சொல்லிட்டாங்க.

அடுத்த ஆல்பம் கொஞ்சம் விற்கிற மாதிரி இருக்கட்டும் என்று கம்பெனி எதிர்பார்த்தது. இவங்க 1982ல் "ஆல் ஃபால் டவுன்" என்று வேணும்னே கரடுமுரடா ஒண்ணைக் கொடுத்தாங்க. கம்பெனி கழட்டி விட்டுடுச்சு. அப்புறம் ஸ்டாட்டிக் என்ற சின்ன லேபிளில் 1984, 85ல் சில வெளியீடுகள். 1987ல் பெல்ஜிய லேபிளில் "தண்டர் அப்". நெதர்லாந்தில் மட்டும் நல்ல கூட்டம் வந்தது. டச்சு வானொலிகள் இவங்க கச்சேரிகளைப் பதிவு செஞ்சு ஒலிபரப்பின. சொந்த ஊரில் அந்த மரியாதை கிடைக்கலை. 1988ல் குழு கலைஞ்சது.

இடையில், 80களின் நடுவில், போர்லண்டுக்கு நோய் தலைகாட்டியது. ஸ்கிஸோஅஃபெக்டிவ் டிஸார்டர் என்று கண்டறியப்பட்டது. இது என்ன என்று கீழே சொல்றேன். நோயோடவே பாடினார், பயணம் செஞ்சார், மற்ற குழுக்களுக்கு ஆல்பம் தயாரிச்சுக் கொடுத்தார். 1989 முதல் 1997 வரை ஐந்து தனி ஆல்பங்கள். ஆறாவதாக ஒன்றைப் பதிவு செய்துகொண்டிருந்த நேரத்தில், 1999 ஏப்ரலில், தற்கொலையால் இறந்தார். வயது 41. எப்படி என்பதை இங்கே எழுதப் போறதில்லை. அது யாருக்கும் உபயோகமில்லாத தகவல்.

அப்போ அவரோட பழைய ஆல்பங்களை எடுத்துக் கேட்கலாம்னு நினைச்சாலும் எளிதில் கிடைக்காது. ஆல்பம் தொலைந்து போவது என்றால் என்ன என்று இன்னைக்கு ஸ்ட்ரீமிங் தலைமுறைக்குப் புரியாது. மாஸ்டர் டேப் கம்பெனி பெட்டகத்தில் இருக்கும். உரிமையும் கம்பெனிகிட்ட. விற்காத ஆல்பத்தை அச்சடிக்கிறதை நிறுத்திடுவாங்க. எல்.பி. போய் சி.டி. வந்தப்போ, விற்கிறதை முதல்ல மாத்துவாங்க, விற்காதது வரிசையில் கடைசிக்குப் போகும். பாட்டைப் போட்டவர் உயிரோட இருப்பார், ரசிகரும் இருப்பார், நடுவில் பொருள் இருக்காது. பழைய கடையில் தூசி தட்டி ஒரு காப்பி கிடைச்சா உங்க அதிர்ஷ்டம்.

2000களின் தொடக்கத்தில் ரெனசென்ட் என்ற சின்ன லேபிள் இதைக் கையில் எடுத்தது. உரிமம் வாங்கி, ஒலியைச் சுத்தம் பண்ணி, ஒவ்வொரு ஆல்பமா வெளியிட்டது. 2006ல் அந்த டச்சு வானொலிப் பதிவுகளையும் ஐந்து சி.டி.யாகக் கொண்டு வந்தது. 2014ல் எட்செல் என்ற லேபிள் பெட்டி பெட்டியாகத் தொகுத்துப் போட்டது. 2016ல் நெதர்லாந்திலிருந்து போர்லண்டின் வாழ்க்கை பற்றி ஒரு ஆவணப்படமும் வந்தது.

யாரும் இதில் கோடி சம்பாதிக்கலை. ஆனா ஒரு பெரிய வேலை நடந்தது: பொருள் மறுபடி கைக்குக் கிடைச்சது. இன்னைக்கு நைட் டூட்டி முடிச்சு பஸ்ஸில் போகும்போது என் போனில் இந்த ஆல்பம் ஓடுதுன்னா, அந்தச் சின்ன லேபிள்காரங்க புண்ணியம்.

சரி. இனிமேதான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்கு.

மறுபடி வந்த ஆல்பம் தனியா வரலை. கூடவே ஒரு மரணச் செய்தியும் வந்தது. எந்த விமர்சனத்தை எடுத்தாலும் போர்லண்டின் நோய், அவர் முடிவு, அப்புறம்தான் பாட்டு. யூட்யூபில் போய்ப் பாருங்க. ஒவ்வொரு பாட்டுக்குக் கீழேயும் யாராவது ஒருத்தர் "அன்னைக்கே எல்லாத்தையும் சொல்லிட்டார், யாரும் கவனிக்கலை" என்ற ரீதியில் எழுதியிருப்பார். மூழ்குவது, நெருப்பு, இருட்டு என்று எந்த வார்த்தை வந்தாலும் அது ஒரு அறிகுறி. முழு ஆல்பமும் ஒரு கேஸ் ஷீட்.

இதை ஒரு டாக்டரா கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம்.

முதல்ல தேதி. இந்த ஆல்பம் வந்தது 1981. அப்போ அவருக்கு 23 வயது. நோய் வெளிப்பட்டது 80களின் நடுவில். மரணம் 1999ல். ஆல்பத்துக்கும் மரணத்துக்கும் நடுவில் 18 வருஷம். 18 வருஷம் கழிச்சு நடக்கப்போற ஒரு நிகழ்வுக்கு 1981ல் எழுதின பாட்டு வரியை அறிகுறி என்று பரீட்சையில் எழுதியிருந்தா, எனக்கு எம்.பி.பி.எஸ். பட்டமே கொடுத்திருக்க மாட்டாங்க.

அந்த 18 வருஷத்தில் அவர் சும்மாவும் இருக்கலை. குழுவோடு பல வெளியீடுகள், தனியா ஐந்து ஆல்பம், ஆறாவது பாதியில். கடுமையான மனநோயோட பத்து வருஷத்துக்கும் மேல் வேலை செஞ்ச ஒரு மனுஷன். முடிவை மட்டும் பிடிச்சுக்கிட்டு பின்னோக்கிப் படிச்சா, இந்த உழைப்பு முழுக்க கண்ணுக்கே தெரியாமப் போயிடும்.

இரண்டாவது, அந்த இருட்டு யாருடைய இருட்டு?

1981 பிரிட்டனை நினைச்சுப் பாருங்க. மார்கரெட் தாட்சர் பதவிக்கு வந்து இரண்டு வருஷம். ஆலைகள் மூடப்படுது. 1980ல் வேலையில்லாதோர் எண்ணிக்கை 20 லட்சத்தைத் தாண்டி, 1982 தொடக்கத்தில் 30 லட்சத்தைத் தொட்டது. 1981 ஏப்ரலில் லண்டன் பிரிக்ஸ்டனில் கலவரம். ஜூலையில் லிவர்பூல் டாக்ஸ்டெத்தில். பிரிக்ஸ்டன், நம்ம ஆள் வளர்ந்த தெற்கு லண்டனில்தான் இருக்கு.

அதுக்கு மேல அணுகுண்டு பயம். 1979 டிசம்பரில் நேட்டோ நாடுகள், அமெரிக்காவின் புதிய அணு ஏவுகணைகளை ஐரோப்பாவில் நிறுத்த முடிவெடுத்தன. 1980ல் பிரிட்டிஷ் அரசு "ப்ரொடெக்ட் அண்ட் சர்வைவ்" என்று ஒரு கையேடு வெளியிட்டுக் கடைகளில் விற்றது. குண்டு விழுந்தா வீட்டில் எப்படிப் பிழைக்கிறது என்று அதில் பாடம். வீட்டுக் கதவைக் கழற்றி உள்சுவரில் சாய்ச்சு, மேலே மண் மூட்டை அடுக்கி, அந்த இடுக்குக்குள் குடும்பத்தோடு உட்காரணும். 14 நாளைக்குச் சாப்பாடு, தண்ணீர் சேர்த்து வச்சுக்கணும். அரசாங்கமே அச்சடிச்சுக் கொடுத்த காகிதம் இது. இதைப் படிக்கிற 22 வயசுப் பையன் ராத்திரி எப்படித் தூங்குவான்?

த சவுண்ட் முதல் ஆல்பத்தில் "மிசைல்ஸ்" என்றே ஒரு பாட்டு இருக்கு. ஏவுகணைகள். 1982ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் நடந்த நோ நியூக்ஸ் விழாவில் மேடை ஏறி வாசிச்சிருக்காங்க. இந்தப் பின்னணியில் "நியூ டார்க் ஏஜ்" கேளுங்க. அது ஒரு நோயாளியின் புலம்பலா தெரியாது. செய்தித்தாள் படிக்கிற ஒருத்தரின் கோபம் தெரியும். அந்த இருட்டு ஒரு நாட்டின் மேல் இறங்கியிருந்தது. பார்த்ததைப் பாடினார்.

மூன்றாவது, பாட்டு என்ன சொல்லுது? மறுபடி சொல்றேன், ஆல்பத்தைத் திறக்கிற பாட்டின் பெயர் "ஜெயிக்கிறது". அடுத்தது "நோக்கம்". பாதிக்கு மேல் பாட்டுகள் இதிலிருந்து எப்படி வெளியே வருவது என்பதைப் பற்றியவை. ஆல்பத்தின் தலைப்பே சிங்கத்தின் வாயிலிருந்து. தானியேல் கதை தெரிஞ்சவங்களுக்குச் சொல்ல வேண்டாம், அவரைச் சிங்கம் சாப்பிடலை.

இப்போ இதை ஏன் இவ்வளவு வேகமா எழுதறேன் என்று சொல்லிடறேன்.

மருத்துவத்தில் டயக்னாஸ்டிக் ஓவர்ஷேடோயிங் என்று ஒன்று உண்டு. தமிழில் சொன்னா, நோயின் பெயர் ஆளையே மறைச்சுடறது. ஒருத்தருக்கு மனநோய் என்று கேஸ் ஷீட்டில் எழுதியாச்சுன்னா, அதுக்கப்புறம் அவர் என்ன சொன்னாலும் அது அந்த நோய் பேசற மாதிரியே எல்லாருக்கும் கேட்கும்.

நான் ஹவுஸ் சர்ஜனா இருந்த காலத்தில் பார்த்தது. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம், அடையாளங்களையும் மாத்தியிருக்கேன். மனநல சிகிச்சையில் இருந்த ஒரு நடுவயதுக்காரர் வயிறு வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். "அவர் எப்பவும் அப்படித்தாம்ப்பா சொல்லுவார்" என்று இரண்டு நாள் ஓடிடுச்சு. மூன்றாம் நாள் ஜுரமும் வயிறு பலகை மாதிரி விறைப்பும். தியேட்டருக்குக் கொண்டு போனா, குடல்வால் வெடிச்சிருந்தது. பிழைச்சுட்டார். ஆனா முதல் நாளே அவர் சரியான இடத்தைக் கை வச்சுத்தான் காட்டியிருந்தார். கை வச்ச இடத்தை யாரும் பார்க்கலை, கேஸ் ஷீட்டின் முதல் வரியைத்தான் பார்த்தாங்க.

இது ஏதோ ஒரு ஆஸ்பத்திரியின் கதை மட்டும் இல்லை. கடுமையான மனநோய் உள்ளவங்க மற்றவங்களை விட 10 முதல் 20 வருஷம் முன்னாடியே இறக்கறாங்க என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதில் பெரும்பங்கு இதயநோய், சர்க்கரை மாதிரியான உடல் நோய்கள்தான். சரியான நேரத்தில் கேட்டிருந்தா, பார்த்திருந்தா, தடுத்திருக்கக்கூடியவை நிறைய.

யூட்யூப் கமென்ட்டும் வார்டும் ஒண்ணா என்று கேட்கலாம். அளவு வேற, பழக்கம் ஒண்ணுதான். ஏவுகணையைப் பற்றிப் பாடினவரைப் பார்த்து "பாவம், மனசு சரியில்லாதவர்" என்று சொல்றதும், வயிறு வலின்னு சொன்னவரைப் பார்த்து "மனநலக் கேஸ்" என்று சொல்றதும், ஒரு ஆளோட பேச்சை அவர் பேச்சா எடுத்துக்க மறுக்கிறதுதான்.

இனி அந்த நோய் பற்றி, சொன்னபடி.

ஸ்கிஸோஅஃபெக்டிவ் டிஸார்டர் என்பது இரண்டு வகை அறிகுறிகள் ஒரே ஆளிடம் வருவது. ஒரு பக்கம், இல்லாத குரல் கேட்பது, இல்லாததை உறுதியாக நம்புவது. இன்னொரு பக்கம், மனநிலை அளவுக்கு மீறி ஏறுவது அல்லது இறங்குவது. மனநிலை சமமா இருக்கிற நாட்களிலும் குறைந்தது இரண்டு வாரம் அந்தக் குரலோ நம்பிக்கையோ தொடர்ந்து இருந்தால்தான் இந்தப் பெயர் கொடுப்போம். 1933ல் ஜேக்கப் கசானின் என்ற மனநல மருத்துவர் வச்ச பெயர் இது. சாபம் இல்லை, பேய் இல்லை, வளர்ப்பும் காரணம் இல்லை. மருந்து இருக்கு. போர்லண்ட் காலத்திலும் இருந்தது, இப்போ தேர்வுகள் இன்னும் அதிகம்.

ஆனா அந்த மருந்துகள் ஒரு கிடார்காரருக்கு என்ன கேட்கும் என்பதையும் யோசிங்க. பொதுவா சொல்றேன், அவர் என்ன சாப்பிட்டார் என்ற கணக்குக்குள் போகலை. லித்தியம் கொடுத்தா விரல் நடுங்கலாம். இரத்தத்தில் அளவு கொஞ்சம் கூடினாலும் விஷம், குறைஞ்சா பலனில்லை, அதனால அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேணும். பழைய ஆன்டிசைக்காட்டிக் மருந்துகள் உடம்பை விறைப்பாக்கும், தூக்கத்தில் தள்ளும். நோய்க்கு நல்லது ஒழுங்கான தூக்கம். கச்சேரி வாழ்க்கையில் இல்லாதது அது ஒண்ணுதான். இன்னைக்கு ஒரு நாடு, நாளைக்கு வேற நாடு, ராத்திரி ரெண்டு மணிக்குச் சாப்பாடு.

எங்க ஓ.பி.யில் தையல்காரர் ஒருத்தர் வருவார். "மாத்திரை போட்டா ஊசியில நூல் கோக்க முடியல டாக்டர், போடலைன்னா கடையில உக்கார முடியல" என்பார். மருந்தை நிறுத்தறவங்களைத் திட்டறதுக்கு முன்னாடி இந்த வாக்கியத்தை ஒரு தடவை படிங்க. இதுக்குத் தீர்வு உண்டு. டோஸ் மாத்தலாம், மருந்து மாத்தலாம், நடுக்கத்துக்குத் தனியா கொடுக்கலாம். அதுக்கு அவர் சொல்றதைக் கேட்கணும். நீங்களா நிறுத்தாதீங்க, வந்து சொல்லுங்க. அவ்வளவுதான் எங்க வேண்டுகோள்.

இதைப் படிக்கிற யாருக்காவது இந்த நேரம் மனசு கனமா இருந்தா, டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் 104. இரண்டும் இலவசம், 24 மணி நேரமும் உண்டு. தயங்காம கூப்பிடுங்க.

இன்னும் ஒரு ஆள் பாக்கி. மேக்ஸ்.

போர்லண்ட் கதை பெருசா பேசப்படற அதே கட்டுரைகளில் கோல்வின் மேயர்ஸுக்கு ஒரு வரிதான் கிடைக்கும், சில இடத்தில் அதுவும் இல்லை. 1993ல், எய்ட்ஸ் சார்ந்த நோயால் இறந்தார். அந்த வருஷத்தை ஒரு டாக்டரால் சும்மா கடந்து போக முடியாது. 1987லேயே முதல் மருந்து ஏ.இசட்.டி. வந்தாச்சு, ஆனா ஒத்தை மருந்துக்கு வைரஸ் சீக்கிரமே பழகிக்கும். மூணு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தா வைரஸை அடக்கலாம் என்று உறுதியானது 1996ல். எச்.ஐ.வி. வார்டுகளில் சாவு எண்ணிக்கை சட்டென்று விழுந்தது அந்த வருஷத்திலிருந்துதான். மேக்ஸ் மூணே வருஷம் முந்திட்டார். இன்னைக்கு அதே தொற்றோட எங்க ஏ.ஆர்.டி. சென்டருக்கு வர்றவங்க, மாசாமாசம் மாத்திரை வாங்கிட்டு, பேரன் பேத்தி போட்டோ காட்டிட்டுப் போறாங்க.

அதனால கேட்கப் போறவங்களுக்கு என் யோசனை இது. முதல் தடவை பாட்டு வரியை விட்டுடுங்க. போர்லண்டையும் கொஞ்சம் விட்டுடுங்க. ஹெட்ஃபோன் போட்டு, கீபோர்டை மட்டும் பின்தொடருங்க. "வின்னிங்" ஆரம்பத்தில் மெல்லப் பரவுதே, அது மேக்ஸ். "சைலன்ட் ஏர்" என்று ஒன்பதாவது பாட்டு, அமைதியானது, அதில் கிடாருக்குப் பின்னாடி விளக்கு மாதிரி நிற்கிற ஒலி, அதுவும் அவர்தான். ஜாய் டிவிஷன் காப்பி என்று சொன்னவங்க இந்த இடத்தைக் கேட்கலைன்னுதான் நான் நினைக்கிறேன். இந்த ஆல்பத்தில் இருக்கிற வெளிச்சத்தில் பாதி அந்தக் கையிலிருந்து வந்தது.

இரண்டாவது தடவை பேஸும் டிரம்ஸும். மூன்றாவது தடவை வரிகளைப் படிச்சுக்கிட்டே கேளுங்க, 1981ஐ மனசில் வச்சுக்கிட்டு. எல்லா ஸ்ட்ரீமிங் ஆப்பிலும் இருக்கு, மொத்தம் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. பிடிச்சுதா, பிடிக்கலையா, எந்தப் பாட்டு என்று கீழே சொல்லுங்க. நாளைக்கு எனக்கு டே ஆஃப், பதில் போடறேன்.